உப்புச் செவத்தோரம் ஒரு பூப்பாத்தி

அல்லா மேல ஆணையாச் சொல்றேன் வாத்தியாரே, ஊருக்கே கேக்குறாப்புல சத்தமாவே சொல்றேன், இப்ப நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா இந்த வருசம் என் ஈச்ச மரத்துல ஒரு குலைகூடத் தங்க வேண்டாம், என் கழுதையே என்னை எட்டி மிதிக்கட்டும். எதுக்கு இம்புட்டுச் சத்தியம்னு பாக்குறீங்களா? ஸனூஸிக் கிழவன் வாயத் தொறந்தா புளுகுதான்னு சந்தையில எவனாச்சும் உங்ககிட்டச் சொல்லியிருப்பான். சொன்னானா இல்லையா? பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. மத்த விசயத்துல வேணா அங்கிட்டு இங்கிட்டு ரெண்டு கூடியிருக்கும். செவத்து விசயத்துல நான் வெளையாடுறதில்ல.

உக்காருங்க, டீ ஊத்துறேன். சக்கர கம்மியாவா? எங்க சீவா பாலைவனத்து ஊருல அப்படி ஒரு டீயே கெடையாது. குடிங்க.

இப்ப இந்த முத்தத்துல ஒரு சுத்து நடந்துட்டு, இந்தச் செவத்தோரமா நீளத்துக்கு ஒரு பூப்பாத்தி போட்டா எம்புட்டு அழகா இருக்கும்னு சொன்னீங்களே, அதச் சத்தமாச் சொல்லிறாதீங்க. அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி ராபிஹா படுத்திருக்கா. இடுப்பெலும்பு முறிஞ்சு மூணு வருசமாப் படுக்கதான். கட்டில் இந்தச் செவத்த ஒட்டியே கெடக்கு. ரூமு சின்னது, வேற எங்கயும் போட முடியாது. வீடு விக்கிறானே இத்ரீஸ், என் தங்கச்சி மகன், அலெக்ஸாண்ட்ரியாவுல உக்காந்துக்கிட்டு போன்லயே வீடு விக்கிற மகராசன், அவன் ஒரு விசயத்த உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டான். வீடுதான் ரெண்டு, செவரு ஒண்ணு. நீங்க இந்தப் பக்கம் ஊத்துற தண்ணி அந்தப் பக்கம் அவ தலமாட்டுல வந்து நிக்கும்.

டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சா? அதான் அவ. ஒரு தட்டு தட்டினா டீ வேணும். ரெண்டு தட்டு தட்டினா நான் புளுகுறேன்னு அர்த்தம். நாப்பத்தாறு வருசக் குடும்பத்துல நாங்க கண்டுபிடிச்ச தந்தி. இருங்க, ஒரு கிளாஸ் குடுத்துட்டு வந்துர்றேன்.

வந்துட்டேன். எங்க விட்டேன்? ஆங், செவரு. நாக்க வச்சுப் பாருங்க. வெக்கப்படாதீங்க, இந்த ஊருக்கு வர்ற எல்லாரும் நக்கித்தான் பாக்குறாங்க. கரிக்குதா? இது கல்லு இல்ல, செங்கல்லு இல்ல. உப்பு ஏரியில கட்டிகட்டியா வெட்டியாந்து, மண்ணக் கொழச்சு நடுவுல அப்பி ஏத்துன செவரு. சுத்த உப்பு. மாமியாளோட சண்ட போட்ட மருமக ஒருத்தி, கடைக்குப் போக மாட்டேன்னு ஆறு மாசம் அடுப்படிச் செவத்தயே சொரண்டிக் கொழம்புல போட்டா. வாசப்படி வரைக்கும் சொரண்டிட்டாங்கிறாங்க.

ரெண்டு தட்டு. சரி, சரி. வாசப்படி வரைக்கும் இல்ல.

ஆமா வாத்தியாரே, உப்புக்குத் தண்ணி ஆகாது. நீங்க முப்பது வருசமா டாண்டாவுல ஆறாங்கிளாஸ் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தத எங்க பாட்டன் பூட்டன் வீடாவே கட்டி வச்சிருக்கான். அதனாலதான் இங்க தோட்டம் ஒரு தெசையில, வீடு ஒரு தெசையில. ஊத்தும் வாய்க்காலும் பள்ளத்துல, வீடு மேட்டுல. மரத்துக்கும் செவத்துக்கும் நாங்க சம்பந்தம் பேசுறதே இல்ல. சம்பந்தம் பேசுனது இன்ஜினியர் வஜீஹ்.

உங்களுக்கு முன்னாடி இந்த வீட்டுல வாடகைக்கு இருந்தவரு. இன்ஜினியரான்னா, இல்ல. கெய்ரோவுல குளியலறைக்கு ஓடு விக்கிறவரு. ஆனா கெய்ரோவுல சட்டைய இன் பண்ணுனவன் எல்லாம் இன்ஜினியர்தானே. பட்டணத்துச் சத்தம் தாங்கலைன்னு இங்க வந்தாரு. வந்த முதல் வாரமே, இங்க ஒரே அமைதியா இருக்கு, தூக்கம் வர மாட்டேங்குதுன்னாரு. சரி, பொழுது போகணும்ல? போன்ல படம் காட்டுனாரு. எங்கயோ வெள்ளக்காரன் ஊரு, வீட்டுச் செவத்த ஒட்டி வரிசையாப் பூச்செடி, கீழ பச்சப் புல்லு, மேல கொடி. இந்த மாதிரி வேணும் ஹாஜின்னாரு. நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல, அத வேற சந்தோசமா வாங்கிக்கிட்டேன்.

நான் சொன்னேன். ராபிஹா சாட்சி, சத்தமாவே சொல்றேன், நான் சொன்னேன் அவருகிட்ட. ஐயா, இது உப்புச் செவரு, வேண்டாம்னேன். அவரு கேக்கல. வெட்டுன்னாரு, வெட்டுனேன். கூலிக்கு மம்மட்டி பிடிக்கிறவன் வேறென்ன செய்வான்? ஊரறிஞ்ச கத இது. ஊருப் பெரியவரு ஷேக் முன்னால வச்சுப் பேசி முடிஞ்சது.

செவத்தடியில கல்லுக்கட்டு பாத்தீங்களா? அப்ப அது முழங்கால் உசரந்தான். அது அலங்காரத்துக்குன்னு நெனச்சுக்காதீங்க. தரையில உள்ள ஈரம் உப்புல ஏறாம இருக்கத்தான் கல்லு. இன்ஜினியரு பாத்தியில மண்ணு குமிச்சாரு பாருங்க, கல்ல முழுங்கி, கல்லுக்கு மேல இன்னும் ஒரு சாண் ஏறிருச்சு. அதுக்கு மேல ஆட்டெரு. அதுக்கு மேல செடி. செடியச் செவத்துலருந்து ஒரு சாண் தள்ளி வச்சா படத்துல உள்ள மாதிரி வராதுன்னு செவத்தோட ஒட்ட வச்சு நட்டாச்சு. புதினா, ஒரு எலுமிச்ச, ரெண்டு செம்பருத்தி. நேரா அந்த மேல தெரியுதே பொந்து, காத்துக்கு விட்டது, அதுக்குக் கீழ ஒரு மல்லிகைக் கொடி. புல்ல அலெக்ஸாண்ட்ரியாவுலருந்து பாய் மாதிரி சுருட்டி லாரியில கொண்டாந்தாரு. ஊருக் கழுதையெல்லாம் லாரிக்குப் பின்னாடியே வந்துச்சு, கல்யாண ஊர்வலம் மாதிரி. அப்புறம் கறுப்புக் குழா. பாத்தி நெடுக ஓட விட்டு, ராவும் பகலும் சொட்டு சொட்டா. செடிக்குத் தாகமே எடுக்கக் கூடாதாம். பச்சப் புள்ளைக்குக்கூட எங்க ஊருல அப்படிப் பாலு குடுக்குறதில்ல.

ஆனா ஒண்ணு, அந்தக் கோடையில பாத்தி நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. அதப் பாக்குறதுக்குன்னே ஆளு வந்துச்சு. ஊரு மேஸ்திரி வந்து பாத்துட்டு, தாடியத் தடவிக்கிட்டு, பேசாமப் போனான். பேசாமப் போறதுன்னா எங்க ஊருல என்ன அர்த்தம்னு இன்ஜினியருக்குத் தெரியாது. ஆஹான்னு சொல்லிட்டுப் போறாருன்னு நெனச்சுக்கிட்டாரு.

ஆவணி வெயிலு கொறைய ஆரம்பிச்சதும் செவரு வேர்க்க ஆரம்பிச்சுச்சு. கல்லுக்கு மேல வெள்ள வெள்ளையா பூத்துச்சு, மாவத் தூவுன மாதிரி. கையில தொட்டா பொலபொலன்னு உதிருது. செடியும் சும்மா இருக்கல. செவத்து உப்பு எறங்குன வேகத்துல செம்பருத்தி ரெண்டும் எல கருகி நின்னுச்சு. செடி செவத்தத் தின்னுது, செவரு செடியத் தின்னுது. இந்தக் கூத்துக்கு நடுவுல ஆடுங்க வேற. உப்பு வேர்க்குற செவரு எங்க இருக்குன்னு ஆட்டுக்குக் கடிதாசி போடணுமா? கதவு தொறந்தா போதும், வரிசையா வந்து நின்னு நக்கும். நாப்பது ஆடு, அல்லா மேல ஆணை, நாப்பது ஆடு.

ரெண்டு தட்டு. சரிடி, பதினஞ்சு ஆடு.

பதினஞ்சு ஆடும் ஒரு கழுதையும். அந்தக் கழுதை ஒரே எடத்த நக்குச்சு வாத்தியாரே. ஒரு மாசமா. நக்கி நக்கி, ஒரு நாளு காலையில ராபிஹா கண்ணு முழிச்சுப் பாத்தா, செவத்துக்குள்ளருந்து ஒரு கழுத மூக்கு எட்டிப் பாக்குது. அவ அது நான்தான்னு நெனச்சு, இன்னுமா பல்லு வெளக்கலைன்னு கேட்டாளாம்.

தட்டுனாளா? இல்ல. பாத்தீங்களா, இது உண்மை.

அடுத்தது சிமெண்டு. செவரு வேர்க்குதுன்னா என்ன செய்யணும்? தண்ணிய நிறுத்தணும், மண்ண அள்ளி வீசணும், செவத்தக் காய விடணும். அதச் செய்யாம சட்ட போட்டு விட்டாங்க. ரெண்டு வெரல் கனத்துக்குச் சிமெண்டுப் பூச்சு, மேல மஞ்சச் சுண்ணாம்பு. வெளிய பாத்தா மாப்பிள்ள மாதிரி பளபளன்னு நிக்குது. உள்ள ஈரம் வெளிய வர வழியில்லாம, உப்பு கஞ்சியா எறங்கிக்கிட்டு இருக்கு. ஆடுங்க கூட வர்றத நிறுத்திருச்சு. பாரு ஹாஜி, பிரச்சன தீந்துச்சுன்னாரு இன்ஜினியரு.

அப்புறம் தை மாசம் ஒரு மழை. பெரிய மழையா? அரை மணி நேரம். உங்க டாண்டாவுல அதுக்குக் குடைகூட எடுக்க மாட்டாங்க. நான் லுஹர் தொழுகைக்குப் போயிருந்தேன். திரும்பி வர்றேன், தெருவுல சனம். சிமெண்டு மட்டும் ஓடு மாதிரி நின்னுச்சாம், உள்ள ஒண்ணுமே இல்லாம. அப்புறம் அதுவும் போச்சு. விழுந்தது இந்தப் பக்கம் விழுந்திருக்கலாம், முத்தம் பூரா எடம் கெடந்துச்சு. அந்தப் பக்கம் விழுந்துச்சு. அவ அப்பத்தான் ரொட்டி சுட்டு எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போயிருக்கா.

டீ ஆறிப்போச்சு, குடுங்க, வேற ஊத்துறேன்.

இல்ல, உசுருக்கு ஒண்ணும் இல்ல. இடுப்பு போச்சு. அவ்வளவுதான். இப்ப நிக்கிற செவரு அதுக்கப்புறம் நானும் மேஸ்திரியும் கட்டுனது. ஏரியில நானே எறங்கி வெட்டுன கட்டி. கல்லுக்கட்டு இடுப்பு உசரத்துக்கு ஏத்தியிருக்கேன், பாத்தீங்களா? ஆனா அதுவும் உப்புதான். இன்னொரு தடவ விழுந்தா அவளால எந்திரிச்சு ஓட முடியாது. அதனாலதான் வீடு பாக்க வர்றவங்க எல்லாருக்கும் ஏதாச்சும் ஒரு கதையச் சொல்றேன். உங்களுக்கு முன்னாடி நாலு பேரு வந்தாங்க. ஒருத்தருக்கு இங்க நீச்சல் குளம் வேணுமாம். அவருக்கு டீகூடக் குடுக்கல. இன்னொரு அம்மா செவத்துலயே தண்ணி வழியிற மாதிரி ஒண்ணு வைக்கணும்னாங்க, மனசுக்குக் குளிர்ச்சியாம். அந்தம்மாவுக்கு இந்த வீட்டுச் செவத்துக்குள்ள நாகப்பாம்பு குடியிருக்குன்னு சொன்னேன். பாம்பு இல்ல. ஆனா செருப்பப் போடாமலே கார் வரைக்கும் போனாங்க.

உங்ககிட்ட மட்டும்தான் நெசத்தச் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஏன்னா நீங்க வந்ததும் கூரைத் தண்ணி எங்க விழுதுன்னு கேட்டீங்க. நாலு பேருல ஒருத்தரும் கேக்கல.

எழுதிக்கிறீங்களா? எழுதுங்க, வாத்தியாருன்னா நோட்டு இல்லாம வருவீங்களா. செவத்துலருந்து அஞ்சு முழத்துக்கு அந்தாண்டதான் மம்மட்டி எறங்கணும். செவத்தடியில மண்ணே கூடாது, ஒரு முழ அகலத்துக்குச் சரளைக்கல்லு, அதுவும் கல்லுக்கட்டோட மட்டத்துக்குக் கீழயே. தரை செவத்தப் பாத்துச் சாயக் கூடாது, வாசலப் பாத்துச் சாயணும். ஒரு வாளித் தண்ணிய ஊத்திப் பாத்தா அது மரியாதையா வெளிய நடந்து போகணும். கூரையில மழைத்தண்ணி வழியிறதுக்கு ஈச்ச மரத்தக் குடைஞ்சு வச்ச தோணி இருக்குல்ல, அது செவத்தத் தாண்டி நாலடி நீட்டிக்கிட்டு இருக்கணும். சொட்டுக் குழா இந்த வாசலுக்குள்ளயே வரக் கூடாது. செவத்தோரம் பச்சையா ஏதாச்சும் பாத்தே ஆகணும்னா தொட்டியில வைங்க, தொட்டிக்குக் கீழ தட்டு, தட்டுக்குக் கீழ மூணு கல்லு. தொட்டிக்கும் செவத்துக்கும் நடுவுல ஒரு ஆளு நடந்து போகணும். என்ன மாதிரி ஒல்லிக் குச்சி இல்ல, எங்க ஷேக் மாதிரி ஆளு. அவரு விருந்து சாப்பிட்டுட்டு நடக்கணும். அவ்வளவு எடம். வெள்ளையா எங்கயாச்சும் பூத்துச்சுன்னா அது ரோசாப்பூ இல்ல, உடனே தண்ணிய நிறுத்துங்க. சிமெண்டுங்கிற சொல்ல இந்த வீட்டுக்குள்ள சொன்னா நாக்கு அழுகிரும்.

என்ன சொன்னீங்க?

இல்ல, கேட்டுச்சு. இன்னொரு தடவ சொல்ல வேண்டாம். நோட்ட மூடி வைங்க.

வாங்க, டீ கெடக்கட்டும். ஊத்துக்கரை வரைக்கும் ஒரு நட நடந்துட்டு வருவோம். வெயிலு ஒண்ணும் செய்யாது. ராபிஹா, வாத்தியாருக்கு ஊத்தக் காட்டிட்டு வர்றேன். வாங்க, இந்தப் பக்கம். படி பாத்து.

இன்னும் கொஞ்சம் நடங்க. அந்த மரத்துக்கு அந்தாண்ட. ஆங், இங்க போதும். இங்கருந்து அவளுக்குக் கேக்காது.

நீங்க இப்ப என்ன சொன்னீங்க? எனக்கு என்ன தெரியும் ஹாஜி, இந்த ஊரு செவரு உங்களுக்குத்தான் தெரியும், நீங்க சொல்றபடியே செஞ்சுர்றேன்னீங்க. அதே சொல்லு வாத்தியாரே. ஒரு எழுத்து மாறல. வஜீஹ் சொன்ன அதே சொல்லு.

ஆமா. அவரு கேட்டாரு. போன்ல படம் காட்டுனது நெசம், ஆனா காட்டிட்டு, ஹாஜி, செவரு உப்பாச்சே, தண்ணி பட்டா கரையாதான்னு கேட்டாரு. ஓடு விக்கிற மனுசன், ஈரத்தப் பத்தி அவருக்குத் தெரியாதா? முத்தத்துக்கு நடுவுல போடுவோம்னுதான் சொன்னாரு. நான் சிரிச்சேன். எங்க பாட்டன் கட்டுன செவரு, இன்னும் முந்நூறு வருசம் நிக்கும், நீங்க பயப்படாதீங்க இன்ஜினியரேன்னேன். செவத்தோட ஒட்டி நட்டாத்தான் வெயிலு தாங்கும்னு சொன்னதும் நான்தான். மண்ணக் கல்லுக்கு மேல ஏத்துனதும் நான்தான். செவரு வேர்த்தப்ப மனுசன் மொகம் வெளுத்துப்போயி ஓடி வந்தாரு, பாத்திய எடுத்துரலாமான்னாரு. எடுக்க வேண்டாம், ஒரு பூச்சு பூசுனா சரியாயிரும்னு சிமெண்டுக்குச் சொன்ன வாயும் இந்த வாய்தான்.

எதுக்குச் சொன்னேனா? மல்லிகைக்கு.

அவ ரூமுல உச்சியில இருக்குற பொந்து ஒரு கை அகலம். கல்யாணம் ஆகி வந்த நாளுலருந்து அதுல தெரியிற வானம்தான் அவளுக்கு. அவ வாப்பா தோட்டத்துல மல்லிகை இருந்துச்சாம். ஒரு நாளு, வாசன எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுன்னு சும்மா சொன்னா. என் பக்கம் நட நான் என்ன கிறுக்கனா, செவரு உப்பாச்சே. இந்தப் பக்கம் நட்டா தண்ணி அவரோடது, மண்ணு அவரோடது, வாசன மட்டும் பொந்து வழியா நம்ம வீட்டுக்கு. எம்புட்டுப் புத்திசாலின்னு என்னையே மெச்சிக்கிட்டேன் வாத்தியாரே. உங்களுக்கு உக்காந்த ஒடனே வீடு ரெண்டு செவரு ஒண்ணுன்னு பாடம் எடுத்தேனே, அந்தப் பாடம் எனக்கு அன்னைக்கு ஓடல.

பூத்துச்சு. அந்தக் கோடை பூரா அவ சாயங்காலம் சாயங்காலம் அந்தப் பொந்துக்குக் கீழ பாயப் போட்டு உக்காந்திருப்பா. யாரு வச்சதுன்னு கேட்டா. பக்கத்து வீட்டுக் கெய்ரோக்காரருன்னேன். நல்ல மனுசன்னா.

செவரு விழுந்த அன்னைக்கு அந்த மனுசன்தான் அவளத் தூக்கிக் கார்ல போட்டுக்கிட்டு மத்ரூஹ் ஆஸ்பத்திரிக்குப் போனது. முந்நூறு கிலோமீட்டர், குலுங்கக் கூடாதுன்னு மாட்டு வண்டி வேகத்துல. நான் பின்னாடி அவ தலைய மடியில வச்சுக்கிட்டு, ஐயா நான் அப்பவே சொன்னேனே, கேக்கலையேன்னு வழி பூரா பொலம்பிக்கிட்டே போனேன். எப்ப அதச் சொல்ல ஆரம்பிச்சேன்னு எனக்கே தெரியல. அவ காதுல விழணும்னு சொல்லியிருப்பேன். கண்ணாடி வழியா என்னை ஒரு தடவ பாத்தாரு. திரும்ப ரோட்டப் பாத்து ஓட்டுனாரு. அப்புறம் ஷேக் எங்க வீட்டுக்கே இன்ஜினியரக் கூப்பிட்டு வச்சு, இந்த ஆளு உன்னை எச்சரிச்சானான்னு கேட்டாரு. இன்ஜினியரு கட்டில்ல கெடக்குற ராபிஹாவப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. எச்சரிச்சாரு, நான்தான் கேக்கலைன்னாரு. அந்த வாரமே பெட்டியக் கட்டிட்டாரு.

இப்ப ஒவ்வொரு நாளும் சாயங்கால மஃரிப் தொழுகைக்கு ராபிஹா கையேந்தி அவரச் சபிக்கிறா. அவரு வீட்டுச் செவரு இடியட்டும், அவரு இடுப்பு ஒடியட்டும்னு, வரி விடாம. நான் பக்கத்துல உக்காந்து ஆமீன் சொல்றேன். மூணு வருசமா. ஒரு நாளு சொல்லாம இருந்து பாத்தேன். ஏன், காது கேக்கலையான்னா. சொல்லிட்டேன்.

அதனாலதான் சொல்றேன், நோட்டுல எழுதுனபடி செய்யுங்க, இனிமே நான் சொல்றபடி செய்யாதீங்க. நாளைக்கே எனக்கு இன்னொரு மல்லிகைக்கு ஆச வரும், அழகா ஒரு காரணமும் சொல்லுவேன். அஞ்சு முழம்னு எழுதியிருக்கீங்கள்ல, அத வச்சு என்னையே வெளிய தள்ளுங்க. வீட்ட வாங்கிக்கோங்க. இத்ரீஸ்கிட்ட நான் பேசுறேன்.

மேஸ்திரிகிட்ட, ஷேக்கிட்ட, முக்கியமா அந்தச் செவத்துக்கு அந்தப் பக்கம், யாருகிட்டயும் இத நான் சொன்னதாச் சொல்லிறாதீங்க. எப்படியாச்சும் வெளிய வந்து, யாரு சொன்னதுன்னு கேட்டா, அந்தக் கெய்ரோக்காரரே சொன்னாருன்னு சொல்லிருங்க. அவரு இல்லைன்னு சொல்ல மாட்டாரு.